உட்கார்ந்தால் எரிகிறது: இடுப்படி நரம்பு வலிக்குப் போடும் ஊசி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஒரு வலி சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்காலி காலியாக இருந்தும் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நிற்கும் நம்மவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் தமிழில் கேட்பவையும், டாக்டர்கள் சொல்லி நான் எடுத்துச் சொல்பவையும்தான் இங்கே இருக்கின்றன. உங்களை நேரில் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சையே கேளுங்கள்.

இத்தனை நாள் மூலம் என்றுதானே மருந்து போட்டேன்? இது என்ன புது வலி?

பலரும் அப்படித்தான் வருகிறார்கள். ஆசனவாயைச் சுற்றி எரிச்சல், பிறப்புறுப்பில் குத்தல், உள்ளே ஏதோ உருண்டை மாட்டிக்கொண்டது போன்ற உணர்வு. மூலத்துக்குக் களிம்பு, சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக், ஆண்கள் என்றால் புராஸ்டேட் வீக்கம் என்று மாத்திரை. எல்லாம் முடிந்து, பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் நரம்பைப் பற்றிப் பேச்சு வரும்.

இந்த வலிக்கு அடிக்கடி காரணமாக இருப்பது புடெண்டல் நரம்பு. முதுகுத்தண்டின் அடியில் எஸ்2, எஸ்3, எஸ்4 எனப்படும் நரம்பு வேர்களிலிருந்து கிளம்பி, பிட்டத்தின் ஆழத்தில் எலும்புகளை இணைக்கும் இரண்டு நார்களுக்கு நடுவே நுழைந்து, பிறகு ஒரு குறுகிய கால்வாய் வழியாக முன்னால் வருகிறது. 1836இல் அதை விவரித்த ஐரிஷ் உடற்கூறு வல்லுநர் பெஞ்சமின் அல்காக் பெயரில் அதை அல்காக் கால்வாய் என்கிறார்கள். ஆசனவாய், அதற்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட பகுதி, பிறப்புறுப்பு, மூன்றுக்கும் முக்கியமாக உணர்வு தருவது இந்த நரம்புதான். அந்த நார்களுக்கு நடுவிலோ கால்வாயிலோ அது கதவிடுக்கில் சிக்கிய துணி மாதிரி நசுங்கினால், வலி மட்டும் முன்னால் தெரியும், பிரச்சினை பின்னால் இருக்கும்.

கடினமான பிரசவம், அந்தப் பகுதியில் செய்த அறுவைச் சிகிச்சை, வருடக்கணக்கில் மலச்சிக்கலில் முக்குவது, நீண்ட தூர சைக்கிள், நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை, இவையெல்லாம் காரணமாகலாம். கிள்ளான் துறைமுகத்திலிருந்து லாரி ஓட்டுபவர்கள், கிராப் வாடகைக் கார் ஓட்டுபவர்கள் எங்களிடம் வருவது சும்மா இல்லை. சிலருக்குக் காரணமே தெரியாது.

எனக்கு இருப்பது இதுதான் என்று எப்படி முடிவு செய்வார்கள்?

ரத்தப் பரிசோதனையில் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுப்பது பெரும்பாலும் கட்டி, வட்டு விலகல் போன்ற வேறு காரணங்களை ஒதுக்கத்தான். 2008இல் பிரான்ஸின் நாந்த் நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஐந்து அடையாளங்களைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்: வலி அந்த நரம்பின் எல்லைக்குள் இருக்க வேண்டும், உட்கார்ந்தால் கூட வேண்டும், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பக் கூடாது, டாக்டர் தொட்டுப் பார்க்கும்போது உணர்விழப்பு இருக்கக் கூடாது, நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து போட்டால் வலி அடங்க வேண்டும்.

ஐந்தாவதைக் கவனியுங்கள். ஊசியே பரிசோதனையின் ஒரு பகுதி.

அப்புறம், ஒரு சின்ன தகவல் டாக்டருக்கு ரொம்ப உதவும். நாற்காலியில் உட்கார்ந்தால் வலிக்கிறது, ஆனால் கழிப்பறைக் கோப்பையின் வளையத்தில் உட்கார்ந்தால் அவ்வளவு வலிப்பதில்லையா? வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஆண் டாக்டர் வேறு.

'இடுப்பு வலி' என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொன்னால் முதுகுத்தண்டை ஸ்கேன் எடுத்து அனுப்பிவிடுவார்கள், இன்னும் ஆறு மாதம் போய்விடும். வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு தாளில் உடம்பின் படம் வரைந்து பேனாவால் நிழலிட்டுக் கொண்டுவாருங்கள். பெண் தாதி கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மாமியாரையோ மகனையோ மொழிபெயர்க்க அழைத்து வருபவர்கள் உண்டு. தாம்பத்திய உறவின்போது வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டால் மகன் முன்னால் எந்த அம்மா பதில் சொல்வார்? தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று முதலிலேயே கவுன்டரில் கேட்டு வையுங்கள்.

மிஸ்ஸி (தாதியம்மா), ஊசி எங்கே போடுவார்கள்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க நினைத்து, கடைசியில், மேசையில் ஏறும்போது கேட்கிறார்கள். பிறப்புறுப்பில் போட மாட்டார்கள். ஊசி பிட்டத்தின் வழியாகப் போகும்.

குப்புறப் படுக்கச் சொல்வோம். வயிற்றுக்கு அடியில் தலையணை. பிட்டத்தின் தோலில், உலோகக் கோடுகள் உள்ள ஒரு ஒட்டுத்தாளை ஒட்டுவோம், சி.டி. படத்தில் அந்தக் கோடுகள் வெள்ளையாகத் தெரியும், எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நுழைந்தால் நரம்புக்கு நேர்வழி என்று டாக்டர் அளந்துகொள்வார். தோலுக்கு மரப்பு ஊசி போடும்போது ஒரு சுருக்கென்ற எரிச்சல், அநேகமாக அதுதான் முழு வேலையிலும் அதிகம் உணரும் வலி. பிறகு நீளமான மெல்லிய ஊசி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். ஊசி முனை இடுப்பெலும்பின் உட்புற முள் போன்ற மேட்டுக்கு அருகிலோ அல்காக் கால்வாயிலோ வந்து நின்றதும், சாய மருந்து சில துளிகள் விட்டு எங்கே பரவுகிறது என்று பார்ப்பார்கள். சரியான இடம் என்றால் மட்டுமே மரப்பு மருந்து போகும். அந்த நேரத்தில் உங்களுக்கு வழக்கமாக வரும் அதே வலி ஒரு நொடி மின்னி மறையலாம். 'இதுதான், இதே வலிதான்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அது டாக்டருக்குப் பயனுள்ள செய்தி.

பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

படம் பார்த்துத்தான் போட வேண்டுமா? முன்பெல்லாம் கையால் தடவிப் பார்த்தே போடுவார்களாமே?

பிரசவ அறையில் அப்படிப் போடும் வழக்கம் இருந்தது, இன்றும் உண்டு. அங்கே பரவலாக மரத்துப் போனால் போதும். இங்கே நிலைமை வேறு. நரம்பின் பக்கத்திலேயே ரத்தக் குழாய் ஓடுகிறது, சற்றுத் தள்ளிக் காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பு. மருந்து சரியான இடத்தில் விழுந்ததா என்பது தெரியாவிட்டால் வலி குறையாததற்கு என்ன அர்த்தம் என்பதும் தெரியாது.

சி.டி. ஆழத்தைத் துல்லியமாகக் காட்டும். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, ரத்தக் குழாய் துடிப்பதையும் பார்க்கலாம், ஆனால் பருமனான உடம்பில் ஆழம் மங்கிவிடும். எக்ஸ்ரே வீடியோ போன்ற ஃபுளோரோஸ்கோப்பியில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. எது உயர்ந்தது என்று சண்டை போடுவதைவிட, உங்கள் டாக்டருக்கு எதில் கைப்பழக்கம் அதிகம் என்று கேட்பது நல்லது என்பது என் எண்ணம். சி.டி. கதிர்வீச்சைக் குறைக்கத் தேவையான சில துண்டுகளை மட்டுமே படம் எடுப்பார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லா இடுப்படி வலிக்கும் இதே நரம்புதானா?

இல்லை. வால் எலும்பில் வலி என்றால் அதற்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் கேங்கிலியான் இம்பார் என்ற நரம்பு முடிச்சு. அங்கே சாயம் சரியாகப் பரவினால் எக்ஸ்ரேயில் காற்புள்ளி வடிவம் தெரியும். சிசேரியன் தழும்பு, குடலிறக்க அறுவைக்குப் பிறகு தொடை இடுக்கில் வரும் எரிச்சல் என்றால் வயிற்றுச் சுவரில் ஓடும் இலியோ-இங்குவினல் போன்ற நரம்புகள். அவற்றை அல்ட்ராசவுண்டிலேயே பிடித்துவிடலாம். கருப்பை, சிறுநீர்ப்பை போன்ற உள்ளுறுப்பு வலிக்கு, முக்கியமாகப் புற்றுநோய் வலிக்கு, கடைசி இடுப்பு முள்ளெலும்புக்கு முன்னால் இருக்கும் ஹைப்போகாஸ்ட்ரிக் நரம்புப் பின்னல். விரையில் மட்டும் வலி என்றால் பெரும்பாலும் புடெண்டல் நரம்பு குற்றவாளி இல்லை. தோழிக்குப் பலித்த ஊசி உங்களுக்கு ஏன் எழுதவில்லை என்று கோபப்படுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போட்ட அன்று நன்றாக இருந்தது. மறுநாளே வலி வந்துவிட்டது. பணமும் போச்சு, பலனும் இல்லையா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மரப்பு மருந்து சில மணி நேரம்தான் நிற்கும். அந்தச் சில மணி நேரத்தில் வலி போனது என்றால், 'வலி வருவது இந்த நரம்பு வழியாகத்தான்' என்ற பதில் கிடைத்துவிட்டது. அடுத்த சிகிச்சை எல்லாம் அந்தப் பதிலின் மேல்தான் கட்டப்படும். ஆனால் நம்மவர்கள் அடுத்த சந்திப்புக்கு வந்து, "பலிக்கல டாக்டர்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் 'எதிர்மறை' என்று குறித்துக்கொள்வார். கிடைத்த பதில் குப்பைக்குப் போய்விடும்.

அதனால் ஊசி போட்ட அன்று வீட்டுக்குப் போய்த் தூங்காதீர்கள். எது செய்தால் உங்களுக்கு வலி வருமோ அதையே செய்து பாருங்கள். கட்டை நாற்காலியில் உட்காருங்கள். ஒரு நோட்டில் மணிக்கு ஒரு முறை பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுதுங்கள். கூடவே, அந்தப் பகுதி மரத்திருக்கிறதா என்றும் எழுதுங்கள். துடைக்கும்போது ஒரு பக்கம் உணர்வு மங்கலாகத் தெரியும்.

மரத்தது, வலியும் போனது: நரம்பு இதுதான். மரத்தது, வலி மட்டும் அப்படியே இருக்கிறது: நரம்பு வேறாகவோ, இடுப்படித் தசைகளாகவோ, இன்னும் மேலே வேரிலோ இருக்கலாம். மரக்கவும் இல்லை, வலியும் குறையவில்லை: மருந்து இடம் சேரவில்லையோ என்று டாக்டர் யோசிப்பார், இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம். மூன்றும் மூன்று வெவ்வேறு பாதைகள். அந்த நோட்டு இல்லாமல் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்டீராய்டு சேர்த்துப் போடுவார்களா? எனக்குச் சர்க்கரை இருக்கிறது.

பல இடங்களில் சேர்க்கிறார்கள். வீக்கத்தைக் குறைத்துச் சில வாரங்களுக்கு நிம்மதி தரும் என்ற நம்பிக்கையில். ஆனால் 2017இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், சுமார் 200 பேரைப் பிரித்துப் பார்த்தபோது, ஸ்டீராய்டு சேர்த்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. எனவே சர்க்கரை உள்ளவர், 'எனக்கு ஸ்டீராய்டு இல்லாமல் போட முடியுமா' என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

நம் சமூகத்தில் இதைக் கேட்க வேண்டியவர்கள் நிறைய. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது 30 விழுக்காட்டுக்கும் மேல். ஸ்டீராய்டு போட்டால் சில நாள் முதல் ஒரு வாரம் வரை சர்க்கரை ஏறும். வீட்டில் கருவி இருந்தால் அடிக்கடி குத்திப் பாருங்கள், இன்சுலின் அளவை டாக்டரிடம் கேட்டே மாற்றுங்கள்.

நோட்டில் எழுதினேன், நரம்பு இதுதான் என்கிறார்கள். அடுத்து என்ன?

முதலில், ஊசியோடு நின்றுவிடக் கூடாது. இடுப்படித் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி இல்லாமல் பலருக்கு ஊசியின் பலன் நிற்பதில்லை. வருடக்கணக்கில் வலிக்குப் பயந்து இறுக்கி இறுக்கி, அந்தத் தசைகள் தளரவே மறந்திருக்கும். மாத்திரைகளில் அமிட்ரிப்டிலின், கேபாபென்டின், பிரிகேபாலின் போன்றவை. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து என்பதால், இணையத்தில் படித்துவிட்டு, 'எனக்கென்ன பைத்தியமா' என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். நரம்பு வலிக்கு அதைக் குறைந்த அளவில், இரவில் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

நீண்ட நாள் பலனுக்குப் பல்ஸ்டு ரேடியோஃபிரீக்வென்சி என்ற முறை உண்டு. அதே வழியில் ஊசி போகும், ஆனால் மருந்துக்குப் பதில் விட்டுவிட்டு மின்துடிப்பு. முனையின் வெப்பம் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள், நரம்பு கருகாது, அது வலிச் செய்தி அனுப்பும் விதம் மட்டும் அமைதிப்படும். மூட்டு நரம்புகளுக்குச் செய்வதுபோல் 80 டிகிரியில் சுட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது. மலத்தையும் சிறுநீரையும் அடக்கும் தசைகளை இயக்குவதும் இதே நரம்புதான்.

கிரையோ என்னும் உறைய வைக்கும் முறையும் இருக்கிறது. ஊசி முனையில் பனிக்கட்டி உருண்டை உருவாகும். நரம்பிழை செயலிழக்கும், உறை மட்டும் மிஞ்சும், அதன் வழியே இழை நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் திரும்ப வளரும். இந்த வலிக்கு அதன் ஆய்வுகள் சிறியவை. எல்லா இடத்திலும் செய்வதுமில்லை.

இவை எதுவும் பலிக்காமல், ஊசிப் பரிசோதனை தெளிவாக ஆம் என்று சொன்னவர்களுக்கு நரம்பை விடுவிக்கும் அறுவைச் சிகிச்சை. நாந்த் குழு 2005இல் 32 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு வருடம் கழித்து அறுவை செய்தவர்களில் 71 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம், செய்யாதவர்களில் 13 விழுக்காட்டினருக்கு. நல்ல எண்தான். ஆனால் 32 பேர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆபத்து உண்டா? எப்போது ஓடி வர வேண்டும்?

அன்று ஒரு கால் பலவீனமாக இருக்கலாம். மருந்து சயாட்டிக் நரம்புப் பக்கம் கசிந்திருக்கும், சில மணி நேரத்தில் சரியாகிவிடும். அதனால்தான் வண்டி ஓட்ட வேண்டாம், கிராப் எடுங்கள் அல்லது யாரையாவது அழைத்து வாருங்கள் என்கிறோம். ஊசி போட்ட இடத்தில் நாலைந்து நாள் கன்றிப்போன வலி இருக்கும்.

காய்ச்சல், ஊசி இடம் சிவந்து வீங்குவது என்றால் உடனே தெரிவியுங்கள். மரப்பு தெளிந்த பிறகும் சிறுநீர் வரவில்லை, இரண்டு காலும் தளர்கின்றன, சேணம் படும் இடம் (ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறமும்) முழுக்க உணர்வே இல்லை என்றால் காத்திருக்காதீர்கள், 999 அழையுங்கள். இந்த மூன்றில் எது ஊசியே போடாதவருக்கு வந்தாலும் அவசரம்தான். இரவில் எழுப்பும் வலி, காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தப்போக்கு இருந்தால் நரம்பு ஊசியைப் பற்றி யோசிக்கும் முன் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நானே நிறுத்திவிட்டு வரலாமா?

வேண்டவே வேண்டாம். வார்ஃபரினையோ குளோபிடோக்ரெலையோ இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்துவது இந்த ஊசியைவிடப் பெரிய ஆபத்து. இதய டாக்டரும் வலி டாக்டரும் பேசி முடிவு செய்வார்கள். பூண்டு மாத்திரை, ஜின்கோ, நாட்டு மருந்துப் பொட்டலம், எதுவானாலும் பையோடு கொண்டுவந்து காட்டுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

அரசாங்க வழி: கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பார்த்து, சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) வாங்கி, நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி வரை. இது குடிமக்களுக்கு. காத்திருப்புதான் விலை. தனியாரில் ஆயிரக்கணக்கில் போகும், ஸ்கேன் அறைக் கட்டணம், மருந்து, டாக்டர் கட்டணம் எல்லாம் தனித்தனி வரியாக வரும். முன்கூட்டியே மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்பீட்டு அட்டை) இருக்கிறது என்று நம்பி நேராகப் போகாதீர்கள்: சில கார்டுகள் வார்டில் சேர்ந்தால் மட்டும் கொடுக்கும், இது அன்றே வீட்டுக்குப் போகும் சிகிச்சை. உத்தரவாதக் கடிதம் கிடைக்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

வலியோடு வாழப் பழகும் பயிற்சியும் சிகிச்சைதான். செலாயாங் மருத்துவமனையில் 2002இல் தொடங்கிய 'மெனாங்' திட்டம் அப்படிப்பட்டது. ஊசி எல்லாம் தோற்ற பிறகு கடைசியாக அனுப்பும் இடமாக அதை நினைக்காமல், ஆரம்பத்திலேயே கேட்டால் நல்லது.

எந்த மெத்தை வாங்குவது?

வட்டமான டோனட் மெத்தையைவிட, நடுவில் நீளமாக வெட்டி ஒரு பக்கம் திறந்திருக்கும் மெத்தை பலருக்குச் சுகமாக இருக்கிறது. எடை இரண்டு உட்காரும் எலும்புகளில் விழ வேண்டும், நடுப்பகுதி எதிலும் படக் கூடாது. வாங்கும் முன் கடையிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

பிட்டத்தை நன்றாக அழுத்தி உருவி விட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

முதுகுக்குச் சரி. சிக்கிய நரம்பின் மேல் முழங்கையை வைத்து அழுத்தினால் வலி கூடத்தான் செய்யும்.

ஊசி போட்ட பிறகு தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறலாமா?

ஊசி போட்டு ஓரிரு நாள் கழித்து, கால் பலம் சரியாக இருந்தால், 272 படியும் இந்த நரம்புக்குப் பெரிய தொந்தரவு இல்லை. நடப்பதும் நிற்பதும் உட்காருவதைவிட இதற்கு நல்லதுதான். ஆனால் குந்தி எழுவது, தரையில் சம்மணம் போட்டு இரவெல்லாம் பஜனையில் உட்காருவது, காவடி எடுத்து எடை தூக்குவது, மூன்றையும் டாக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். கமியூட்டர் ரயிலில் வருவதென்றால் எழுந்து நின்றே வாருங்கள். இடம் கொடுப்பவரிடம் பரவாயில்லை என்று சொல்லிவிடலாம்.